தலை திருப்பும் மூட்டும் அதனைப் பிணைக்கும் முறைகளும்

நம் ஊர்த் திருகைக் கல்லை அறியாதார் யார்? கீழ்க்கல்லின் நடுவே ஒரு முளை. அதனைச் சுற்றி மேற்கல் சுழலும். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளும் அவ்வாறே அமைந்துள்ளன. இரண்டாம் எலும்பிலிருந்து பல்போல் எழும் முளையைச் சுற்றி, வளையம் போன்ற முதல் எலும்பு தலையைச் சுமந்தபடி திரும்புகிறது. கழுத்து திரும்பும் அளவில் ஏறத்தாழப் பாதி இந்த மூட்டினுடையது.

முளை முறிந்தாலோ, அதனைப் பற்றியிருக்கும் நார் அறுந்தாலோ, மேலெலும்பு நழுவித் தண்டுவடத்தை நசுக்கும். மூச்சே நின்றுவிடவும் கூடும். ஆதலின் இரண்டு எலும்புகளையும் ஒன்றாகப் பிணைக்கின்றனர். எம்முறை உறுதியானது?

உறுதி என்பது ஒன்றன்று, நண்பர்களே, மூன்று. குனிந்து நிமிர்தல், பக்கம் சாய்தல், திரும்புதல் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். இறந்தோரின் எலும்புகளைப் பிணைத்து, பல ஆய்வுகளில் 1.5 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை கொடுத்து, எத்தனை பாகை அசைகிறதெனக் காண்கின்றனர்.

1939-இல் டொரன்டோ மருத்துவர் வில்லியம் காலி, எலும்புகளின் பின்புறத்தில் ஓர் எலும்புத் துண்டை வைத்துக் கம்பியால் கட்டும் முறையை வெளியிட்டார். கற்களை ஒரு புறம் மட்டும் கயிற்றால் கட்டியது போன்றது இது: குனிதலைத் தடுக்கும், திரும்புதலை நன்கு தடுக்காது. 1978-இல் புரூக்ஸும் ஜென்கின்ஸும் இருபுறமும் துண்டு வைத்துக் கட்டியது இதனினும் மேல்.

1987-இல் மாகெர்ல் வெளியிட்ட முறையில், இரண்டு திருகாணிகள் மூட்டின் ஊடே இரு எலும்புகளையும் துளைத்துச் செல்கின்றன. திரும்புதலும் சாய்தலும் வெகுவாக அடங்கும். ஆனால் இரண்டு ஆணிகளை அச்சாகக் கொண்டு குனிதல் சிறிது எஞ்சும். பின்னே கம்பியும் கட்டினால், அடுப்பின் மூன்று கற்கள்போல் முப்புறமும் பிடி கிடைக்கும்.

எனினும் அத்திருகாணியின் வழியருகே மூளைக்குச் செல்லும் தமனி ஓடுகிறது. சிலருக்கு வழியே அமையாது. 1994-இல் மும்பையின் அதுல் கோயலும் லகேரியும் ஒவ்வோர் எலும்பிலும் தனித் திருகாணி செலுத்தித் தகட்டால் இணைக்கும் முறையை வெளியிட்டனர். 2001-இல் ஹார்ம்ஸும் மெல்ச்சரும் தகட்டிற்குப் பதில் தண்டு வைத்தனர். சோதனைகளில் இம்முறை, திருகாணியும் கம்பியும் சேர்ந்த பிணைப்பிற்கு ஏறத்தாழ நிகராக நின்றது. பின்வளைவு உடைந்திருந்தாலும் இதனைச் செய்யலாம்.

ஆய்வுக்கூடம் காட்டுவது முதல்நாள் உறுதியை மட்டுமே. எலும்போடு எலும்பு வளர்ந்து சேராவிடில், எந்த உலோகமும் நாளடைவில் களைத்து முறியும். சேர்ந்துவிட்டாலோ, தண்டுவடம் பிழைக்கும். தலை திரும்பும் அளவு பாதியாகும். ஆகவே எது உறுதி என்பதோடு, எந்த அசைவை, எவ்வளவு காலம், எதனை இழந்து என்றும் கேட்டல் வேண்டும்.