உயர்நிலைப் பள்ளியில் ஆட்டிச மாணவர்

தொடக்கப் பள்ளியில் ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்று பழகிய ஆட்டிசக் குழந்தைக்கு உயர்நிலைப் பள்ளி வேறோர் உலகமாகும். பாடத்திற்கு ஓர் ஆசிரியர் வருகிறார். மணி அடிக்கடி ஒலிக்கிறது. ஆசிரியர் விடுப்பெடுத்தால் கால அட்டவணை முன்னறிவிப்பின்றி மாறுகிறது. இம்மாற்றம் பிற மாணவருக்கு மகிழ்ச்சி தரலாம். இவருக்கோ அன்றைய நாளையே குலைத்துவிடும்.

ஊனமுற்றோருக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனை ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. கல்வி உரிமைச் சட்டம் (2009) 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடையோருக்கு, 2016ஆம் ஆண்டுச் சட்டம் இலவசக் கல்வி உரிமையை 18 வயது வரை நீட்டித்துள்ளது. ஆக, ஒன்பதாம் வகுப்பில் உரிமை அற்றுப்போவதில்லை. அற்றுப்போவது பெரும்பாலும் அன்றாட ஆதரவே.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத் தேர்வுகளில் இம்மாணவர்கள், சொல்வதை எழுதுபவரின் உதவியையும், மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவும் பெறலாம். இவை வேண்டியவையே. எனினும் தேர்வு சில நாட்களில் முடிந்துவிடும்; வகுப்பறை ஆண்டு முழுவதும் நடைபெறுவது.

அங்குத் தேவைப்படுபவை செலவு மிகுந்தவை அல்ல. அன்றைய பாடவேளைகளைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, மாற்றம் இருப்பின் காலையிலேயே தெரிவிக்கலாம். ஏவல்கள் நேரடியாக அமைதல் வேண்டும். "புத்தகத்தை எடுக்க முடியுமா?" என்று ஆசிரியர் வினவ, "முடியும்" என்று கூறிவிட்டு மாணவர் வாளாவிருக்கக்கூடும். அது துடுக்கு அன்று, வினாவிற்குரிய விடையே. "42ஆம் பக்கத்தைத் திறக்கவும்" என்றால் திறந்திருப்பார். முகத்தைப் பார்த்துப் பதில் கூறுமாறு வற்புறுத்துவதும் தவறாகும். பார்ப்பதும் கேட்பதும் ஒருங்கே பலருக்கு இயலுவதில்லை. இரைச்சல் தாங்காதபோது நூலகத்தில் சிறிது நேரம் அமர இசைவு தந்தால் போதும். கேலியும் துன்புறுத்தலும் வகுப்பைவிட இடைவேளையிலும் விளையாட்டுத் திடலிலுமே மிகுதி; ஆசிரியர் கண்காணிப்பு அங்குத்தான் வேண்டும்.

பல பள்ளிகளுக்கு ஒருவராகச் சுற்றிவரும் சிறப்பு ஆசிரியரால் இவை அனைத்தையும் நாள்தோறும் கவனிக்க இயலாது. ஆகவே மாணவரின் இயல்பு, அவரைக் கலங்கச் செய்பவை, அமைதிப்படுத்துபவை ஆகியவற்றை எட்டாம் வகுப்பு ஆசிரியர், பெற்றோருடனும் மாணவருடனும் கலந்து ஒரு பக்க அளவில் எழுதி, ஒன்பதாம் வகுப்பின் எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் அளித்தல் நலம். கல்வியாண்டு தொடங்குமுன் இது நடைபெற வேண்டும். காலாண்டுத் தேர்வு முடிந்தபின் எழுதினால், மாணவர் அதற்குள் பள்ளிக்கு வருவதையே நிறுத்தியிருக்கக்கூடும்.