சதுரங்கம்: வெற்றி தோல்வியின்றி முடியும் ஆட்டம்

மாணவர்களே, பசறையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பதுளைக்கு வந்து சதுரங்கப் போட்டியில் ஆடும்போது, ஒரு காயை இழந்தவுடன் தோல்வியை ஒப்புக்கொள்கிறீர்களா? அதற்கு முன் இப்பாடத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்.

புள்ளி முறை
வெற்றி 1, சமநிலை 1/2, தோல்வி 0.

சமநிலை ஏற்படும் சந்தர்ப்பங்கள்
1. இருவரும் உடன்படல்.
2. ஒரே நிலை மூன்றாம் முறை தோன்றும்போது ஒருவர் கோரல்.
3. சிப்பாய் நகராமலும் காய் வெட்டப்படாமலும் இருவரும் தலா 50 நகர்வுகள் செய்தபின் ஒருவர் கோரல்.
4. அரசனை வீழ்த்தப் போதிய காய்கள் இல்லாமை (உ-ம்: இரு அரசர்கள் மட்டும் எஞ்சுதல்).
5. நகர்த்த வேண்டியவரின் அரசன் தாக்கப்படாத நிலையில், அவருக்கு விதிப்படி நகர்வு எதுவும் இல்லாமை.

உதாரணம்
நிரல்கள் ஏ முதல் எச் வரை. நிரைகள் 1 முதல் 8 வரை. வெள்ளை அரசன் ஈ6, வெள்ளைச் சிப்பாய் ஈ7, கறுப்பு அரசன் ஈ8. கறுப்பு நகர்த்த வேண்டும். டீ8, எஃப்8 கட்டங்களைச் சிப்பாய் தாக்குகிறது. டீ7, எஃப்7 கட்டங்களை வெள்ளை அரசன் தாக்குகிறான். சிப்பாய்க்கும் அவனே காவல். ஆகவே கறுப்புக்கு நகர்வில்லை, ஆட்டம் சமநிலை. ஒரு சிப்பாய் குறைந்தவருக்கும் 1/2 புள்ளி கிடைக்கிறது.

அரைப் புள்ளியின் பெறுமதி
உலகச் சம்பியனுடன் மோதுபவரைத் தெரிவுசெய்யும் போட்டி 2024 ஏப்ரலில் கனடாவின் டொரொன்டோவில் நடைபெற்றது. அதன் 9ஆம் சுற்றில் சென்னை இளைஞர்கள் பிரக்ஞானந்தா (18 வயது), குகேஷ் (17 வயது) மோதிய ஆட்டம் சமநிலையில் முடிந்தது. 14 ஆட்டங்களில் குகேஷ் பெற்றவை 5 வெற்றி, 8 சமநிலை, 1 தோல்வி.

5 + (8 × 1/2) = 9 புள்ளிகள்

அடுத்த மூவரும் தலா 8 1/2 புள்ளிகள் பெற்றனர். சமநிலையான ஆட்டங்களுள் ஒன்றிலேனும் குகேஷ் தோற்றிருந்தால், தனித்து முதலிடம் பெற்றிருக்க முடியாது. அதே ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் அவர் உலகச் சம்பியனானார்.

நினைவிற் கொள்க
கணித வினாவில் இறுதி விடை தவறினாலும் சரியான படிமுறைக்குப் புள்ளி உண்டு. சதுரங்கமும் அவ்வாறே. முடியும்வரை ஆடுங்கள்.

பயிற்சி
1. 3 வெற்றி, 3 சமநிலை, 1 தோல்வி பெற்றவரின் மொத்தப் புள்ளிகள் யாவை?
2. மேலுள்ள உதாரணத்தில் வெள்ளை நகர்த்துவதாயின் முடிவு யாது?

விடைகள்
1. 4 1/2.
2. வெள்ளை வெல்லும். வெள்ளை அரசன் டீ6 செல்ல, கறுப்புக்கு எஃப்7 மட்டுமே உண்டு. பின் வெள்ளை அரசன் டீ7 சென்றால், சிப்பாய் அடுத்து ஈ8 அடைந்து ராணியாகும்.