விடுதலும் முறையும் – பெர்லின் நகரில் ஓர் அமெரிக்க இளைஞரின் வார இறுதி

முன்னுரை

ஒரு சமுதாயம் எவ்வாறு உழைக்கிறது என்பதை அதன் தொழிற்கூடங்களில் காணலாம். எவ்வாறு வாழ்கிறது என்பதை அறிய அதன் விடுமுறை நாளைக் காண வேண்டும். 'விடுமுறை' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். அச்சொல்லில் 'விடு' என்பதோடு 'முறை'யும் இணைந்து நிற்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. உழைப்பை விடுதற்கும் ஒரு முறை உண்டு என்பதை வாழ்ந்து காட்டும் நகரங்களுள் ஒன்று, ஜெர்மனியின் தலைநகரான பெர்லின். கல்வியின் பொருட்டோ பணியின் பொருட்டோ அங்குச் சென்று வாழும் அமெரிக்க இளைஞர் ஒருவருக்கு அந்நகரின் சனியும் ஞாயிறும் எவற்றைக் கற்பிக்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சனிக்கிழமை: ஆயத்த நாள்

ஞாயிறன்றும் கடைவீதிக்குச் சென்று பழகியவர் அமெரிக்க இளைஞர். பெர்லினில் அவர் பெறும் முதற்பாடம் ஞாயிறு காலையில் வெறுமையாய்க் கிடக்கும் குளிர்ப்பெட்டியே. கடைகள் அடைக்கப்பட்டிருக்கும். ரொட்டிக் கடைகள் சில மணி நேரம் திறந்திருக்கும். உணவகங்களும் பெரிய இரயில் நிலையங்களில் உள்ள கடைகளும் இயங்கும். மற்றபடி வீதி அமைதியில் ஆழ்ந்திருக்கும்.

இதனை உணர்ந்தபின் அவருடைய சனிக்கிழமை ஆயத்த நாளாகிறது. ரொட்டி, பால், காய்கறிகள் ஆகியவற்றை அன்றே வாங்கி வைக்கிறார். வாரம் முழுதும் சேர்ந்த நெகிழிப் புட்டிகளைக் கடையிலுள்ள இயந்திரத்தில் இட்டு, புட்டி ஒன்றுக்கு 25 சென்ட் முன்பணத்தைத் திரும்பப் பெறுகிறார். முன்பணமில்லாக் கண்ணாடிப் புட்டிகளை நிறவாரியாகப் பிரித்துத் தெருத்தொட்டியில் இடுகிறார். இதனையும் சனிக்கிழமையே முடித்துவிட வேண்டும். புட்டி உடையும் ஓசை ஞாயிறன்று அயலாரின் அமைதியைக் குலைக்கும். சுவரில் துளையிடுவதும் அவ்வாறே.

ஞாயிற்றைக் காக்கும் சட்டம்

இது வெறும் பழக்கமன்று; சட்டத்தின் காவல் பெற்றது. ஞாயிறும் அரசு ஏற்ற திருநாள்களும் உழைப்பிலிருந்து ஓய்வதற்கும் உள்ளம் உயர்வதற்கும் உரிய நாள்களாகக் காக்கப்படும் என்று 1919ஆம் ஆண்டின் வைமர் அரசியலமைப்பு 139ஆம் பிரிவில் விதித்தது. 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம் தன் 140ஆம் பிரிவின் வழியாக அதனை ஏற்றுக்கொண்டது. 2006ஆம் ஆண்டு முதல் கடை நேரத்தை வகுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு வந்தது. பெர்லின் வாரநாள்களில் தாராளமாகத் திறந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்க இடமளித்தது. திருச்சபைகள் வழக்குத் தொடுத்தன. 2009 டிசம்பர் 1ஆம் நாள் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்விதியை ஏற்க மறுத்தது. கடைக்காரரின் விற்பனை நோக்கமும் வாங்குவோரின் அன்றாட விருப்பமும் மட்டுமே ஞாயிற்றைத் திறக்கப் போதிய காரணங்கள் ஆகா என்பது தீர்ப்பின் சாரம்.

அமெரிக்காவிலும் ஞாயிறு வணிகத்தைத் தடுக்கும் சட்டங்கள் இருந்தன. அவை செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1961இல் தீர்ப்பளித்தது. எனினும் பின்னர்ப் பெரும்பாலான மாநிலங்கள் அவற்றைத் தளர்த்திவிட்டன. ஆகவே இளைஞருக்கு இது புதுமையாகத் தோன்றுகிறது. தமக்கு வேண்டிய பொழுதெல்லாம் கடை திறந்திருக்க வேண்டுமாயின், அக்கடையில் மற்றொருவர் தம் குடும்பத்தைப் பிரிந்து நிற்க வேண்டும் என்பதை அடைத்த கதவு அவருக்கு உணர்த்துகிறது. மருத்துவமனை, போக்குவரத்து, உணவகம் ஆகியவற்றில் ஞாயிறன்றும் உழைப்போர் உள்ளனர் என்பது உண்மையே. ஆயினும் பலரும் ஒரே நாளில் ஓய்ந்திருக்கும்போதுதான் தந்தையும் மகனும், நண்பரும் நண்பரும் கூடியிருக்க இயலும்.

ஓடுபாதையில் ஒரு மாலை

கடை இல்லாத நாளில் மக்கள் எங்கே செல்வர்? ஏரிக்கரைக்கும் பூங்காவிற்கும் செல்வர். அமெரிக்க இளைஞர் தவறாது காண வேண்டிய இடம் டெம்பெல்ஹோஃப் திடல். 1948 ஜூன் மாதத்தில் சோவியத் படையினர் மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளையும் நீர்வழிகளையும் அடைத்தனர். 1949 மே வரை நீடித்த அம்முற்றுகையின்போது அமெரிக்க, பிரித்தானிய விமானங்கள் உணவும் நிலக்கரியும் கொண்டுவந்தன. அவை இறங்கிய நிலையங்களுள் ஒன்று டெம்பெல்ஹோஃப். கெயில் ஹால்வர்சன் என்னும் அமெரிக்க விமானி கைக்குட்டைகளால் சிறு வான்குடைகள் செய்து குழந்தைகளுக்கு இனிப்புகளை வீசினார். 2022இல் மறைந்த அவரைப் பெர்லின் இன்றும் நினைவுகூர்கிறது.

விமான நிலையம் 2008இல் மூடப்பட்டது. 2010இல் திடல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அங்குக் கட்டடங்கள் எழுப்பும் திட்டத்தை 2014ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் நகர மக்கள் மறுத்தனர். விமானம் இறங்கிய ஓடுபாதையில் இன்று மிதிவண்டிகள் செல்கின்றன. சிறுவர் பட்டம் விடுகின்றனர். தம் பாட்டனார் காலத்து வரலாற்றின் மீதே அமெரிக்க இளைஞர் மிதிவண்டி ஓட்டுகிறார் எனலாம்.

தனிமையும் மொழியும்

இவ்வளவு இருந்தும் ஞாயிறு அயல்நாட்டாருக்குக் கடினமான நாளே. வாரநாள்களில் அலுவலகம் தனிமையை மறைத்துவிடும், ஆங்கிலமும் போதும். ஞாயிறன்று அந்த மறைப்பு நீங்குகிறது. அப்பொழுது அவர்முன் இரு வழிகள் உள்ளன. ஆங்கிலம் பேசுவோர் கூட்டத்திலேயே ஒவ்வொரு வார இறுதியையும் கழிப்பது எளிய வழி. அவ்வழியில் ஆண்டுகள் கழியும். நகரமோ அயலாகவே நிற்கும். மற்றொரு வழி, ஜெர்மன் மொழியைக் கற்றுப் பாடற்குழுவிலோ விளையாட்டுச் சங்கத்திலோ சேர்வது.

அம்மொழி ஆங்கிலேயர்க்கும் அமெரிக்கர்க்கும் எளிதன்று. 1878இல் ஹைடல்பெர்க் நகரில் தங்கி அம்மொழியோடு போராடிய மார்க் ட்வைன், 1880இல் வெளிவந்த நூலின் பின்னிணைப்பில் அதன் கடுமையை நகைச்சுவையுடன் எழுதினார். வாக்கியத்தின் இறுதிவரை வினைச்சொல்லுக்காகக் காத்திருப்பது அவருக்கு வேடிக்கையாயிற்று. வினைமுற்றில் முடியும் தமிழைப் பேசும் நமக்கு அது வியப்பன்று. 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாட்டைப் போன்றே ஜெர்மனில் 'டு', 'ஸீ' என்னும் இரண்டு உண்டு. ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லோடு வந்த இளைஞரை, அயல்வீட்டு முதியவர் ஒருநாள் தாமே 'டு' என்று அழைக்க முன்வருவாராயின், அன்று அந்நகரின் ஒரு கதவு அவருக்குத் திறக்கிறது. அக்கதவு கடைக்கதவினும் பெரிது.

முடிவுரை

பணி முடிந்த பொழுதை ஜெர்மானியர் 'ஃபையராபென்ட்' என்பர். 'திருவிழா மாலை' என்பது அதன் சொற்பொருள். ஓய்வைத் திருவிழாவாகக் கண்ட மொழி அது. அயல்நாடு செல்ல விழையும் மாணவ மணிகள் அந்நாட்டின் ஊதியத்தையும் பட்டத்தையும் மட்டும் வினவுதல் போதாது. அங்கு ஞாயிற்றுக்கிழமை எவ்வாறு கழியும், அன்று யாரிடம் எம்மொழியில் பேசுவோம் என்றும் வினவுதல் வேண்டும். வாரநாள் ஒருவருக்கு வாழ்வூதியம் தரும். அவர் அவ்வூரவர் ஆவது விடுமுறை நாளில்தான்.