பரு மருந்தும் வெயிலும்

 

நம்ம வயசில் முகத்தில் பரு வருவது இயற்கை. டாக்டர் கொடுத்த மருந்தைப் போட்டதும் "முகம் செவந்து எரியுது" என்று சில பேர் மருந்தையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மருந்தும் வெயிலும் சேர்ந்து செய்கிற வேலை இது. எப்படி என்று பார்ப்போம்.

காரணம் என்ன?

பருவுக்கு டாக்சிசைக்ளின் என்ற மருந்து கொடுப்பார்கள். அது ரத்தத்தில் கலந்து தோலுக்கும் வந்து சேரும். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் இருக்கின்றன. தோலில் உள்ள மருந்து அந்தக் கதிர்களின் ஆற்றலை உறிஞ்சிக்கொண்டு, பக்கத்தில் உள்ள செல்களைக் காயப்படுத்துகிறது. அதனால் சிவப்பு, எரிச்சல், சில சமயம் கொப்புளம் வரும். முகம், கழுத்து, கை என்று வெயில் பட்ட இடத்தில்தான் வரும். சட்டை மறைத்த இடம் நன்றாகவே இருக்கும். இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

டிரெட்டினாயின், அடாபலீன் ஜெல் போட்டால், மேல்தோலின் பழைய செல்கள் சீக்கிரம் உதிரும். தோலின் மேலடுக்கு காய்ந்து மெலிசாகும். அப்போது வெயில் சுருக்கென்று உறைக்கும். டிரெட்டினாயின் வெளிச்சத்தில் கெட்டும் போகும். அதனால்தான் ராத்திரியில் போடச் சொல்கிறார்கள்.

என்ன செய்யணும்?

1. ஜெல் முகம் முழுதுக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். அதிகம் போட்டால் எரிச்சல்தான் அதிகமாகும்.
2. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை குடை, துப்பட்டா, நிழல் வேண்டும். மேகமூட்டத்திலும், பஸ் ஜன்னல் கண்ணாடி வழியாகவும் இந்தக் கதிர் வரும்.
3. முடிந்தவர்கள் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் பூசலாம். வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூசணும்.
4. எலுமிச்சம்பழச் சாறு தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். அதுவும் வெயிலோடு சேர்ந்து தோலைப் பொத்துவிடும்.
5. அடுத்தவர் டியூபை வாங்கிப் போடாதீர்கள்.
6. எரிந்தால் நிழலுக்கு வந்து, பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியை ஒத்துங்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு மருந்துகளும் இருக்கின்றன. கொப்புளம் வந்தால் அன்றைக்கே போகணும்.

ஒரு வேண்டுகோள்

பிரேயரிலும் பி.டி. பீரியடிலும் வெயிலில் நிற்கிறோம். "டீச்சர், நான் பரு மருந்து சாப்பிடுறேன், நிழல்ல நின்னுக்கிறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்ல யாருக்கும் வெட்கமாகத்தான் இருக்கும். வகுப்பாசிரியையிடம் தனியாகச் சொன்னால் போதும் என்று வைத்தால் நல்லது. நாமும் "கறுத்துப் போயிடுவாளாம்" என்று கேலி பண்ண வேண்டாம். கறுப்பு ஒரு குறையே இல்லை. தோல் வெந்து போவதுதான் வலி.

வருமுன் காப்போம்!



– 9-ஆம் வகுப்பு மாணவி