மாத்திரை நேரம் பார்த்து நடை தொடங்குங்கள்

கேள்வி: என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். உலகப் பார்க்கின்சன் தினமான ஏப்ரல் 11 அன்று, அந்த நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட வாக்கத்தான் நடத்த நினைக்கிறோம். காலை ஆறு மணிக்கு, ஐந்து கிலோமீட்டர். அப்பாவும் நடக்க ஆசைப்படுகிறார். எதில் கவனம் வேண்டும்? பணத்தை யாரிடம் சேர்ப்பது?
- வாசகி, திருச்சி

பதில்: நல்ல முயற்சி. ஆனால் ஆறு மணி வேண்டாம். இரவு போட்ட லெவோடோபா மாத்திரையின் வேகம் விடிவதற்குள் தணிந்துவிடுவதால், பலருக்கு எழுந்தவுடன் உடம்பு இறுகிக் கிடக்கும். காலை மாத்திரை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். உங்கள் வசதிக்காக மாத்திரை நேரத்தை மாற்றாதீர்கள். ஏழு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் எட்டரைக்கு முடித்துவிடலாம்.

பொதுச் சாலை என்றால் காவல்துறை அனுமதி வேண்டும். கல்லூரி மைதானம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு சுற்று அரை கிலோமீட்டர் போதும். முடிந்தவர்கள் பத்துச் சுற்று வரட்டும். வழிநெடுக நாற்காலி, குடிநீர், பக்கத்தில் கழிப்பறை கட்டாயம்.

தொடக்கத்தில் குறுகலான அலங்கார வளைவு வைக்காதீர்கள். கூட்டம் நெருக்கும் இடத்திலும் குறுகிய வாசலிலும்தான் இந்த நோயாளிகளுக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். அப்போது கையைப் பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார்கள். சற்று நிற்க விடுங்கள். உடல் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றச் சொல்லுங்கள். பாதையின் குறுக்கே, ஓர் அடி வைக்கும் தூரத்துக்கு ஒன்றாகக் கோலமாவில் கோடுகள் போடுங்கள். கோட்டைத் தாண்டு என்றதும் பலருக்குக் கால் எழும்பும். சீரான தாளமும் அப்படியே உதவும்.

இனி பணம். ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்து எழுதியது 1817இல். லெவோடோபா 1960களில் வந்தது. மூளையில் குறைந்துபோன டோபமைனை அது ஈடுகட்டுகிறது. டோபமைனைச் சுரக்கும் செல்கள் அழிவதைத் தடுப்பதில்லை. தடுக்கும் என்று நிரூபணமான மருந்து இன்றுவரை இல்லை. ஆராய்ச்சிக்குப் பணம் தேவைப்படுவது இதனால்தான்.

ஏழை நோயாளிகளுக்கு மருந்து வாங்கித் தருவதும் நல்ல காரியமே. ஆனால் ஆராய்ச்சிக்கு என்று வாங்கிய பணம் ஆராய்ச்சிக்கே போக வேண்டும். பார்க்கின்சன் ஆராய்ச்சி நடக்கும் மருத்துவ நிறுவனத்தை வசூலுக்கு முன்பே முடிவு செய்து, அந்தப் பெயரை நோட்டீஸில் போடுங்கள். அந்த ஆய்வுக்கு மட்டுமே செலவிடுவோம் என்று எழுத்தில் வாங்குங்கள். கொடுப்பவர்களுக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடைக்காது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் பணம் அனுப்பினால், பெறும் நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி இருக்க வேண்டும்.

டி-ஷர்ட், பந்தல் செலவுக்குத் தனியாக ஸ்பான்சர் பிடியுங்கள். நன்கொடையில் கை வைக்காதீர்கள். ஒரு மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் நிறுவனம் தந்த ரசீதையும் பணம் கொடுத்த எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். அடுத்த ஆண்டு அவர்களே இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.