தொப்பையும் ஒரு சுரப்பிதான்

ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் வகை மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சி அறிக்கையில் வந்திருந்தது. எனக்கு மாதவிடாய் நின்று பல வருடமாகிறது. "சினைப்பை எப்பவோ ஓய்ஞ்சு போச்சே டாக்டர், அப்புறம் ஏது ஈஸ்ட்ரோஜன்?" என்று கேட்டேன். "கொழுப்புல இருந்து வருதும்மா" என்றார்.

கொழுப்பு என்றால் சும்மா கிடக்கிற சேமிப்பு என்றுதான் நம்மில் பலரும் நினைத்திருக்கிறோம். உண்மையில் அது ஓயாமல் வேலை செய்கிறது. அதில் அரோமட்டேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அட்ரினல் முதலிய சுரப்பிகளிலிருந்து வரும் ஆண்ட்ரோஜன்களை அது ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கிடைக்கும் முக்கிய வழியே இதுதான். எடை கூடினால் உற்பத்தி கூடும். போதாததற்கு, ரத்தத்தில் அந்த ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதமும் குறைந்துபோகும். எனக்கு எழுதித் தந்த லெட்ரோசோல் 2.5 மி.கி. மாத்திரை இந்த நொதியைத்தான் முடக்குகிறது. இது விளங்கிய பிறகு மாத்திரையை மறந்ததே இல்லை.

கொழுப்பு செல்கள் தாங்களாகவும் ஹார்மோன் சுரக்கின்றன. 1994-இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்த லெப்டின், 'வயிறு நிறைந்தது, போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன். உடல் பருத்தவர்களுக்கு அது ஏராளமாகச் சுரந்தும் மூளை காதில் போட்டுக்கொள்வதில்லை. மார்பகப் புற்றுசெல்களோ கேட்டுக்கொள்கின்றன; அவை பெருகவும், புது ரத்தக்குழாய்கள் முளைக்கவும் லெப்டின் தூண்டுவதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். கொழுப்பு செல்களின் இன்னொரு ஹார்மோனான அடிப்போநெக்டின் இதற்கு நேர்மாறு: செல் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடக்கூடியது. கொழுப்பு ஏற ஏற இது மட்டும் இறங்கிவிடுகிறது. வயிற்றுக் கொழுப்போடு சேர்ந்து ஏறும் இன்சுலினும் வளர்ச்சிக்குத் துணைபோகிறது.

"குண்டா இருந்ததாலதான் வந்துச்சா அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள். அப்படி ஒருவரைச் சுட்டிச் சொல்லிவிட முடியாது. ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. மாதவிடாய் நிற்காத வயதில் பருமனுக்கும் இந்த நோய்க்கும் இதே கணக்கு பொருந்துவதுமில்லை. மாதவிடாய் நின்றபின் பருமன் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதுதான் உறுதியானது. நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்த அறிவியல் உதவாது. உறவினர்கள் இதை முதலில் தெரிந்துகொண்டால் நல்லது.

எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். எடை மெஷினைவிட இன்ச் டேப்பை நம்புங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பார்கள்; பார்க்க ஒல்லியாக, வயிறு மட்டும் முன்தள்ளியவர்கள் நம்மில் அதிகம். கீமோ நாட்களில் பட்டினி கிடந்து இளைக்கப் பார்க்காதீர்கள், அப்போது சாப்பாடு இறங்கினாலே பெரிய விஷயம். சிக்கல் அதற்குப் பிறகுதான். "உடம்பு தேறணும்" என்று ஆளாளுக்கு ஹார்லிக்ஸும் நெய் மைசூர்பாகும் கொண்டுவருவார்கள். நான் வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பினேன். என் தட்டில் சோறு குறைந்தது. சுண்டல், முட்டை, கீரை கூடின. லெட்ரோசோல் மூட்டுகளைப் பிடித்துக்கொள்ளும், காலையில் விரலை மடக்கவே வராது. நடக்க நடக்கத்தான் எனக்கு அது இளகியது. நடையோடு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் தூக்கிச் செய்யும் கைப்பயிற்சியும் சேர்த்தேன்.

லெப்டின் அளவைப் பரிசோதிக்கட்டுமா என்றும் மருத்துவரிடம் கேட்டுப்பார்த்தேன். "அதை வெச்சு சிகிச்சையில எதையும் மாத்தப் போறதில்லம்மா. அந்தக் காசுக்கு டெக்ஸா ஸ்கேன் எடுங்க. ஈஸ்ட்ரோஜனைக் குறைச்சா எலும்பு தேயும், அதைத்தான் பார்க்கணும்" என்றார். எடுத்தேன். இப்போது கால்சியமும் வைட்டமின் டி-யும் மாத்திரை டப்பாவில் சேர்ந்திருக்கின்றன.