தோளில் சுமக்கும் கணினி: வாங்குமுன் ஒரு பாடம்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதியும் கிடைத்துவிட்டால் நம் வீடுகளில் அடுத்த பேச்சு மடிக்கணினியைப் பற்றியதாகத்தான் இருக்கும். வாப்பா கடைக்காரரின் சொல்லை நம்புகிறார். மகள் சிநேகிதியின் சொல்லை நம்புகிறாள். உம்மா தன் கையிலுள்ள காப்பைப் பார்க்கிறார். அந்த மூவருக்குமாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் புதுக்குடியிருப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்பிக்கிறேன். அங்கே என்னிடம் படித்த ஒரு மாணவிக்கு அவளது தந்தை நெல் விற்ற காசில் புத்தம் புதிய சிறிய மடிக்கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் அவள் அதை என்னிடம் தூக்கி வந்தாள். அதில் எதுவும் பழுதாகவில்லை. ஆனால் ஒரு கோப்பைத் திறக்கவே பல நிமிடங்கள் எடுத்தது. சேமிப்பிடம் 64 ஜிபி. அதில் பெரும்பகுதியை விண்டோஸ் எடுத்துக்கொண்டிருந்தது. நினைவகம் (ரெம்) 4 ஜிபி. இரண்டும் தாய்ப்பலகையோடு ஒட்டிப் பற்றாசு வைக்கப்பட்டவை. கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது.

"புதுசெண்டுதானே ரீச்சர் வாங்கினனான்" என்றார் தந்தை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு போகத்து உழைப்பு அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

அன்று நான் கற்றதையே இங்கு பாடமாகத் தருகிறேன். புதியது என்பது மட்டும் ஒரு தகுதியாகாது. பையில் சுமக்கலாமா, மின்சாரம் இல்லாத வேளையில் ஓடுமா, நான்கு ஆண்டு தாங்குமா, பழுதானால் திருத்த முடியுமா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தருவதே நல்ல கணினி.

சிறிய கணினி வந்த கதை

2007ஆம் ஆண்டு தாய்வானின் ஏசுஸ் நிறுவனம் 'ஈ பிசி 701' என்ற கணினியை வெளியிட்டது. 7 அங்குலத் திரை, 512 எம்பி ரெம், 4 ஜிபி சேமிப்பிடம், ஒரு கிலோகிராமுக்கும் குறைந்த எடை. விலை குறைவாக இருந்ததால் உலகெங்கும் விற்றது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர, 'நெட்புக்' என்றொரு வகையே உருவானது. சில ஆண்டுகளிலேயே அது மங்கியும் போனது. வேகம் போதவில்லை; இடம் போதவில்லை. சிறிதாக்கியது தவறல்ல. விலையைக் குறைப்பதற்காக உள்ளிருப்பதையும் குறைத்ததே தவறு. என் மாணவியின் கணினியிலும் அதே தவறுதான் இருந்தது.

முதலில் பயணத்தை எண்ணுங்கள்

புதுக்குடியிருப்பு மாணவி ஒருத்தி பொறியியலுக்கோ விவசாயத்துக்கோ தெரிவானால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அந்தப் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. ஏ35 வீதியால் பரந்தன் வந்து, அங்கிருந்து ஏ9 வீதியில் தெற்கே போக வேண்டும். 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவுக்குத் தெரிவானால் பம்பைமடு வரை பயணம். பஸ்ஸில் இடம் கிடைக்காத நாளில் பை தோளில்தான் தொங்கும்.

15.6 அங்குலக் கணினி பெரும்பாலும் இரண்டு கிலோகிராம் அளவில் இருக்கும். சார்ஜரும் புத்தகங்களும் அதற்கு மேல். 12.5 அல்லது 13.3 அங்குலத் திரையுள்ளவை ஏறத்தாழ 1.2 முதல் 1.5 கிலோகிராம். நாள்தோறும் சுமப்பவளுக்கு இந்த வித்தியாசம் சிறிதல்ல. மாறாக, கணினி வீட்டு மேசையை விட்டு நகரப்போவதில்லை என்றால் பெரிய திரையே கண்ணுக்கு நல்லது.

உள்ளே பார்க்க வேண்டியவை

சேமிப்பிடம்: பழைய வகை வன்தட்டு சுழலும் தட்டுகளைக் கொண்டது, ஓடும்போது அடிபட்டால் கெடும். எஸ்.எஸ்.டி. எனப்படுவதில் அசையும் பாகம் இல்லை. வேகமும் பன்மடங்கு அதிகம். குறைந்தது 256 ஜிபி எஸ்.எஸ்.டி. வேண்டும். 'ஈ.எம்.எம்.சி.' என்று எழுதியிருந்தால் அது தாய்ப்பலகையோடு ஒட்டிய சேமிப்பிடம் என்று அறிந்துகொள்ளுங்கள்.

ரெம்: விண்டோஸ் 11 நிறுவ 4 ஜிபி போதும் என்று விதி சொல்கிறது. நிறுவுவது வேறு, வேலை செய்வது வேறு. 8 ஜிபி வாங்குங்கள். கூட்டுவதற்கு இடம் உண்டா என்றும் கேளுங்கள்.

செயலி: விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11ஐ முறைப்படி நிறுவ, இன்டெல் கோர் வரிசையில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதை இலக்கத்திலிருந்தே அறியலாம். ஐ5-8250யூ என்றால் 8ஆம் தலைமுறை. ஐ5-10210யூ என்றால் 10ஆம் தலைமுறை. 'ஐ7' என்பதை மட்டும் கேட்டு மயங்க வேண்டாம். 4ஆம் தலைமுறை ஐ7ஐவிட 8ஆம் தலைமுறை ஐ5 நமக்குப் பயன் தரும்.

பற்றரி: இதன் கொள்ளளவை வாற்று மணியில் குறிப்பார்கள். புதிதில் 50 வாற்று மணியாக இருந்த பற்றரி இப்போது 40 மட்டுமே ஏற்கிறது என்றால் அதன் நலம் 80 சதவீதம். கணினி சராசரியாக 8 வாற்று எடுத்தால் 40ஐ 8ஆல் வகுக்க 5 மணித்தியாலம். விண்டோஸில் 'பற்றரி ரிப்போர்ட்' எடுக்கும் வசதி உண்டு. அதில் இவ்விரு கொள்ளளவுகளும் இருக்கும். எடுத்துக் காட்டும்படி கடைக்காரரிடம் கேளுங்கள்.

பாவித்தது வாங்கலாமா?

2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதிப் பொருளான கணினி அதன் பின் பல குடும்பங்களுக்கு எட்டாப் பொருளாயிற்று. ஆகவே பாவித்ததைத் தேடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. அலுவலகப் பாவனைக்கென்றே உறுதியாகச் செய்யப்பட்டு, சில ஆண்டுகளின் பின் விற்கப்படும் கணினிகள் உண்டு. டெல் லற்றிடியூட் 7290, எச்.பி. எலைற்புக் 830 ஜி5, லெனோவோ திங்க்பாட் எக்ஸ்280 ஆகியவை அவ்வகை. முதல் இரண்டிலும் ரெம்மை மாற்றலாம். எக்ஸ்280இல் அது ஒட்டியது. எனவே வாங்கும்போதே 8 ஜிபி இருக்க வேண்டும். இம்மூன்றிலும் 7ஆம் தலைமுறைச் செயலியோடு வந்தவையும் உள்ளன. மாதிரியின் பெயரோடு நின்றுவிடாமல் செயலியின் இலக்கத்தையும் பாருங்கள்.

இன்னும் பழைய கணினிதான் கைக்கு எட்டுகிறதா? லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் அதில் ஓடும். கட்டுரை எழுத லிப்ரே ஒஃபிஸ் போதும். யூனிகோட் தமிழிலும் தட்டச்சு செய்யலாம். ஆனால் ஓட்டோகாட் போன்ற சில மென்பொருள்கள் லினக்ஸில் வருவதில்லை. உங்கள் பாடநெறிக்கு எது தேவை என்று மூத்த மாணவிகளிடம் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

கடையில் அரை மணி நேரம்

காசு கொடுக்குமுன் அரை மணி நேரம் கேளுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு அவ்வளவு நேரமும் ஓட விடுங்கள். எல்லா விசைகளையும் அழுத்திப் பாருங்கள். திரையை வெள்ளையாக்கிப் புள்ளிகள் உண்டா என்று பாருங்கள். மூடித் திறந்து பிணைச்சலைச் சோதியுங்கள். அடிப்பக்கம் உப்பியிருந்தால் பற்றரி வீங்கியிருக்கலாம். அதை வாங்க வேண்டாம். பயோஸ் கடவுச்சொல்லோ முந்திய நிறுவனத்தின் பூட்டோ இருந்தாலும் வேண்டாம். பற்றுச்சீட்டில் கணினியின் தொடரிலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட வேண்டும்.

வைத்திருக்கும் காசு முழுவதையும் கணினிக்கே கொடுத்துவிடாதீர்கள். திணிப்புள்ள பை, பென் டிரைவ், பின்னர் வரும் பற்றரி மாற்றம் ஆகியவற்றுக்கு ஒரு பங்கை ஒதுக்குங்கள். பாவித்த கணினியில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவச் செய்யுங்கள். பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு வார்த்தை: திருத்தக் கொடுக்குமுன் உங்கள் படங்களையும் கோப்புகளையும் வேறிடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட்டு, கணினியிலிருந்து அழித்துவிடுங்கள், கணக்குகளிலிருந்தும் வெளியேறுங்கள்.

அந்த மாணவி இப்போது பாவித்த 12.5 அங்குலக் கணினி ஒன்றோடு படிக்கிறாள். மூடியில் கீறல்கள் உண்டு. வேலையில் குறை இல்லை. பழைய கணினியைத் தம்பி பாடம் வாசிக்க வைத்திருக்கிறான். இரண்டாவது கணினிக்காக அவளது தந்தை அடுத்த போகம் வரை காத்திருந்தார். நம் வீடுகளில் எந்த வாப்பாவுக்கும் இரண்டு முறை வாங்கும் நிலை வர வேண்டாம் என்பதே என் விருப்பம்.

பயிற்சி

1. புதிதில் 42 வாற்று மணி கொண்ட பற்றரி இப்போது 31.5 ஏற்கிறது. அதன் நலம் எத்தனை சதவீதம்? கணினி 7 வாற்று எடுத்தால் எவ்வளவு நேரம் ஓடும்?

2. ஐ5-7300யூ செயலியுள்ள கணினியை ஒருவர் மலிவாகத் தருகிறார். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி யாது?

3. நீங்கள் கணினியைக் கொண்டு செல்லும் இடங்களையும் அதில் செய்யும் வேலைகளையும் ஒரு தாளில் எழுதி, பெற்றோருடன் இருந்து வாசியுங்கள். கடைக்குப் போவது அதன் பிறகு.